திருப்பி வைத்த கல்

இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். கோயில் சுவரில் பதித்திருந்த கல்லின் முன் குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"எத்திராஜ்ங்கிறது இந்தச் சாமியோட பேருங்களா?"

கூட வந்திருந்த குப்பத்து ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருவன் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்திராஜ் நான்தான்.

திங்கட்கிழமை காலை. பழவேற்காட்டு ஏரியில் தண்ணீர் வற்றிச் சேறு காய்கிற நாற்றம். மேட்டின் மேல் நாலு பனை, அதன் நடுவே ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு கோயில். உள்ளே மேட்டம்மா. வாசலுக்கு வலப்பக்கம் என் பெயர்க்கல். வாசலுக்கு இடப்பக்கம், அன்றைக்கு இன்ஜினியரின் ஆள் அடித்த முளைக்குச்சி. அதன் தலையில் சிவப்புத் துணி.

அரசாங்கம் கட்டுகிற மீன் இறக்குகிற ஷெட் வரப்போகிறது. எல்லோரும் கேட்டு வாங்கியதுதான், நானும் கையெழுத்துப் போட்டவன்தான். ஆனால் முளைக்குச்சி மேட்டின் மேலேயே விழும் என்று யார் கண்டது?

"பழைய கோயில்னா பிரச்சினையே இல்லை பெரியவரே. ஷெட்டை நாப்பது அடி வடக்கே தள்ளிடலாம்," என்றார் இன்ஜினியர். நல்ல மனிதர். குரலில் அதட்டல் இல்லை. "ஆனா இது பழசுன்னு நான் எப்படி எழுதறது? டைல்ஸ், சிமெண்ட், மேல உங்க பேரு. ஒருத்தர் சொந்தத்துக்குக் கட்டிக்கிட்ட ரூம் மாதிரி இருக்கு. வெள்ளிக்கிழமை வரேன். சாமி பேரு, எவ்வளவு பழசு, என்ன ஆதாரம், மூணும் வேணும். இல்லேன்னா இடிக்கத்தான் வேண்டி வரும்."

ஆதாரம் எங்கே இருக்கிறது என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். அவர் கை வைத்திருந்த கல்லின் மறுபக்கத்தில். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஐஸ் எத்திராஜ்

போன வாரம் செங்குன்றத்து வாசகர் ஒருவர் இந்தப் பத்திரிகை ஆசிரியருக்கு எழுதியிருந்தார். 'இவர் தொடரில் நான் என்கிற சொல்லை எடுத்துவிட்டால் ஒரு பக்கம் மிச்சமாகும்' என்று. ஐயா, நான் என்கிற ஆளை எடுத்துவிட்டால் இந்தக் கரையில் பாதி மீன் நாறிப்போயிருக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வகுப்போடு சிலேட்டைப் போட்டுவிட்டு வந்தவன் நான். பொன்னேரியிலிருந்து வரும் பஸ்ஸின் கூரையில், சாக்கும் மரத்தூளும் சுற்றி ஐஸ் பார் வரும். பழவேற்காட்டில் அதை இறக்கித் தலையில் வைத்துக் கரைக்கு ஓட வேண்டும். நடந்தால் கரைந்துவிடும். கழுத்து வழியாகத் தண்ணீர் இறங்கி முதுகு மரத்துப்போகும். என் தலையில் இப்போது முடி இல்லாததற்கு வயது காரணம் என்று டாக்டர் சொல்கிறார். அவருக்குத் தெரியாது, ஐஸ்தான்.

நான் முதன்முதலில் கூட்டிப் படித்த வார்த்தை 'பொன்னேரி'. பஸ் பலகையில் படித்தேன். இரண்டாவதாகப் படித்தது என் பெயர். அதை எழுதியவனும் நானே, ஐஸ் வண்டியின் பின்பலகையில், தாரால்.

அதிலிருந்து அந்தப் பழக்கம் விடவில்லை. குப்பத்துப் பெரிய கோயிலில் எட்டு டியூப்லைட் என் உபயம். ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயிண்டில், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை என் பெயர். வெளிச்சம் கொஞ்சம் குறையும்தான். மணியில் என் பெயர். கஞ்சி காய்ச்சும் அண்டாவில் என் பெயர். பஸ் நிற்கிற இடத்துச் சிமெண்டு பெஞ்சில், உட்கார்ந்தால் முதுகில் பதிகிற மாதிரி என் பெயர்.

"உங்க பேர் மேல சாய்ஞ்சிக்கினுதான் பஸ்சுக்கு நிக்கிறோம்ணே," என்று லைட்ஹவுஸ் குப்பத்துக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். சாயட்டும். சாய்வதற்குத்தானே கொடுத்தேன்?

கல் படிக்கிற பெண்

என் சின்ன மகள் ரேவதி பிரான்சில் ஆராய்ச்சி படிக்கிறாள். அந்த வாரம் லீவில் வந்திருந்தாள். இதையும் பெருமையாகத்தான் எழுதுகிறேன். ஆனால் அவள் என்ன படிக்கிறாள் என்று கரையில் யாரிடமும் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடிந்ததில்லை. டாக்டர் என்றால் ஊசி போடும் டாக்டரா என்பார்கள். இல்லை, கல் படிக்கிறாள் என்பேன். அதோடு பேச்சு நின்றுவிடும்.

அவள் வந்து இறங்கிய அன்று என் மச்சான் நேராகவே கேட்டான்.

"இன்னாம்மா படிக்கிற அங்க?"

"சாமிங்களைப் பத்தி, மாமா."

"அதுக்கு ஏரோப்ளேன் ஏறி அவ்ளோ தூரம் போவணுமா? இங்க இன்னா சாமிக்குப் பஞ்சமா?"

அவள் சிரித்துக்கொண்டே சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். பிரான்சுக்கு அந்தக் காலத்தில் கோல் என்று பெயர். ரோமாபுரிக்காரர்கள் வந்து பிடிப்பதற்கு முன் அங்கே இருந்த ஜனங்கள் தங்கள் சாமிகளைப் பற்றிக் கதையாகவோ பாட்டாகவோ எதையும் எழுதி வைக்கவில்லை. ரோமாபுரிக்காரர்கள் கல்லில் எழுதுகிற பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். அதைப் பார்த்து உள்ளூர்க்காரர்களும் எழுதினார்கள். அப்படி எழுதிய கற்களில்தான் அந்தச் சாமிகளின் பெயர்கள் மிச்சம் இருக்கின்றன. சில சாமிகளுக்கு உலகம் முழுக்கத் தேடினாலும் ஒரே ஒரு கல்தான் சாட்சி.

"கல்லுல இன்னா இருக்கும்?" என்றேன்.

"சாமி பேரு இருக்கும். குடுத்தவன் பேரு இருக்கும். கீழ நாலே நாலு எழுத்து இருக்கும் நைனா. 'வேண்டிக்கிட்டதைச் செலுத்திட்டேன், மனசாரச் செலுத்திட்டேன், சாமிக்கு அது தகும்'னு அர்த்தம். எல்லாரும் அதையே போடறதால முழுசா எழுதாம நாலு எழுத்தோட விட்டுடுவாங்க."

"அட! நம்ம உபயம்."

"அதேதான். குடுத்தவன் தன் பெருமைக்குத்தான் போட்டான். அதனாலதான் அந்தச் சாமி இருந்ததே நமக்குத் தெரியுது."

இதைக் கேட்டதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். கேட்டுக்கொள் என்று மனைவியைப் பார்த்தேன். என் மனைவி தனம் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் சொன்னாள், "பெருமைக்குப் போட்டவன் சாமி பேரையும் கூடப் போட்டான்யா. நீ போட்டியா?"

வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினேன், கழற்றினேன்.

ரேவதிக்கும் ஒரு தலைவலி இருந்தது. ஒரு பழைய கிணற்றுச் சுவரிலிருந்து எடுத்த கல் ஒன்று அவள் பங்குக்கு வந்திருக்கிறது. அதில் ஒரு பெயர், பாதி உடைந்தது. அவள் அதைச் சாமி என்கிறாள். அவளுக்கு மேலே இருக்கும் பேராசிரியர், இது வெறும் ஊர்ப்பெயர், சாமி இல்லை என்கிறாராம். இரண்டு வருஷமாக அந்த ஒரு வார்த்தையில் நிற்கிறாள். இவ்வளவு தூரம் வந்தும் காலையில் எழுந்ததும் போனில் அந்தக் கல்லின் படத்தைத்தான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பாள். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள். ஓர் இடத்தில் உட்கார மாட்டாள்.

முகத்துவாரத்தில் ஒரு மதியம்

கல் எப்படித் திரும்பியது என்று சொல்ல வேண்டும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ரேவதி பிறப்பதற்கு முன்பு. நானும் மச்சானும் படகில் கடலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரத்தில் நுழையும்போது வாடைக் காற்று திடீரென்று முறுக்கியது. உள்ளேயிருந்து ஏரித் தண்ணீர் வெளியே தள்ளுகிறது, வெளியேயிருந்து அலை உள்ளே அடிக்கிறது. இரண்டுக்கும் நடுவே படகு குறுக்கே விழுந்தது. மதிய வெயில் பளீரென்று அடிக்கிறது, கரையில் வலை காய்வதுகூடத் தெரிகிறது. ஆனால் எங்களால் அங்கே போக முடியவில்லை. இருட்டில் சாவதைவிட அது கொடுமை.

தண்ணீருக்கு மேலே நாலு பனை தெரிந்தது. வாய் தானாகக் கத்தியது. "மேட்டம்மா! கரை சேத்துடு! உனக்குக் கல்லால கோயில் கட்றேன்!"

சேர்த்துவிட்டாள்.

அப்போது அந்த மேட்டில் கோயில் கிடையாது. இடிந்த செங்கல் திட்டு ஒன்று, அதன் மேல் முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகைக்கல். எண்ணெயும் மஞ்சளும் அப்பி அப்பி அது கருத்துப்போயிருக்கும். அதன் மேல் ஏதோ எழுத்து உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். என்ன எழுத்து என்று யாரும் கேட்டதில்லை. மேட்டில் இருப்பதால் மேட்டம்மா. அவ்வளவுதான்.

நான் தொடங்கிய ஐஸ் கம்பெனி நன்றாக ஓட ஆரம்பித்ததும் வேண்டுதலை நிறைவேற்றினேன். சாதாரணமாகவா? தரைக்கு டைல்ஸ். சிற்பியிடம் சொல்லிச் செய்த கருங்கல் சிலை, சூலம், கிரீடம் எல்லாம் வைத்து. என் பெயருக்கென்று தனியாகப் பளபளக்கும் ஒரு கல்லைப் பொன்னேரியில் வாங்கிப் படகில் ஏற்றி வந்தோம். இறக்கும்போது நாலு பேர் கை கொடுக்க வந்தார்கள். "தள்ளுங்கடா, ஐஸ் பார் தூக்கின கையி இது," என்று நானே தனியாகத் தூக்கினேன். சேற்றில் கால் வழுக்கியது. கல் இரண்டாகப் போயிற்று.

கும்பாபிஷேகத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. வேறு கல்லுக்கு வழியில்லை. பழைய கல் பனை மரத்தில் சாய்ந்து கிடந்தது. புதுச் சிலை வந்துவிட்டதே, இனி அது எதற்கு?

எளாவூர் மேஸ்திரி முனுசாமி அதைத் தடவிப் பார்த்தார். "பின்பக்கம் நல்லா வழவழன்னு கீது அண்ணே. ஆனா முன்பக்கம் எழுத்து கீதே."

நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன்.

"திருப்பு."

அந்த எழுத்தை நான் படித்துப் பார்க்கவில்லை. பொன்னேரி என்று கூட்டிப் படித்தவனுக்கு அதையும் கூட்டத் தெரியாதா? தோன்றவில்லை. என் பெயரை மேலே பெரிதாகப் போடச் சொன்னேன், உபயம் என்பதைக் கீழே சின்னதாக. மேஸ்திரியின் தலைமேல் நின்று, "ஆழமா அடி, இன்னும் ஆழமா அடி," என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மேஸ்திரியும் நானும் தவிர இது யாருக்கும் தெரியாது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

சாமிக்கு முதுகு

செவ்வாய்க்கிழமை காலை ரேவதியை மேட்டுக்கு அழைத்துப் போனேன். ஏதாவது பழைய செங்கல் கிடக்கும், அதைக் காட்டி இன்ஜினியரைச் சமாளித்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. கல்லைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இறால் பிடிக்கிற பெண்கள் தண்ணீரிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தார்கள். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பவர்கள். பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு அதற்குள் இறாலைப் போட்டுக்கொண்டே போவார்கள். முதலில் வந்தவள் சரசு. பறியை வாயிலிருந்து எடுத்தாள். குனிந்து கோயிலுக்குள் நுழைந்தாள். நுழைந்ததும் மேட்டம்மாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். வாசலை ஒட்டிய உள்பக்கச் சுவரில், வெறும் பூச்சில், மஞ்சளைத் தடவினாள். ஓர் இறாலை அதன் கீழே வைத்தாள். பிறகுதான் திரும்பிச் சிலையைக் கும்பிட்டாள். அடுத்தவளும் அப்படியே. அதற்கடுத்தவளும்.

இதை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். ஈரக்கையைத் துடைக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். பொங்கலுக்குப் பொங்கல் அந்த இடத்துக்கு வெள்ளையடிப்பேன். பத்து நாளில் மறுபடி மஞ்சளாகிவிடும். "கோயில் செவுத்தை ஏன்டி பாழ் பண்றீங்க?" என்று திட்டியும் இருக்கிறேன்.

ரேவதி திட்டவில்லை. பார்த்தாள். உள்ளே போய் அந்த மஞ்சள் கறையைச் சாணால் அளந்தாள். வெளியே வந்தாள். வாசல் ஓரத்திலிருந்து என் பெயர்க்கல்வரை அதே சாணால் அளந்தாள். மறுபடி உள்ளே போனாள். மறுபடி வெளியே.

"நைனா, இந்தக் கறை சரியா உன் கல்லுக்குப் பின்னாடி விழுது."

"அப்படியா?"

"இந்தக் கல்லு எங்க வாங்கினது?"

"யாருக்கு ஞாபகம்? பொன்னேரியா இருக்கும்."

அவள் என்னையே பார்த்தாள். சின்ன வயதில் அந்த டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். நோட்டின் மேல் என் பெயரின் நிழல் விழும். நிழலை ஒதுக்கி ஒதுக்கி எழுதிப் பழகிய கண் அது.

"எங்க ஊர்ல..." என்று ஆரம்பித்தாள். பிரான்சை எங்க ஊர் என்கிறாள்! "கிணத்துச் செவுத்துல, சர்ச்சு செவுத்துல, சாமிக் கல்லைத் திருப்பி வச்சிக் கட்டியிருப்பாங்க. அந்தப் பழைய சாமிக்கு ரோமாபுரிக்காரங்க சாமி மூஞ்சியைப் போட்டு வேற சிலை வச்சிருப்பாங்க." சூலமும் கிரீடமுமாக நின்ற என் சிலையை அவள் எட்டிப் பார்த்தாள். மேலே எதுவும் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எளாவூர் போய் வந்தது

புதன்கிழமை என்னால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. ஐஸ் உடைக்கிற மெஷின் சத்தத்தில் நின்றேன், ஆட்களைக் காரணமில்லாமல் திட்டினேன். மேட்டுக்குப் போனேன், சிவப்புத் துணியைப் பார்த்தேன், திரும்பினேன். டீ சொல்லிவிட்டுக் குடிக்காமல் எழுந்தேன். கடைசியில் பைக்கை எடுத்துக்கொண்டு நேராக எளாவூருக்கு விட்டேன். செக்போஸ்டில் லாரிகள் வரிசையாக நின்றன. அந்தப் புழுதியில் அரைமணி நேரம் நின்றபோதுதான் மனது கொஞ்சம் அடங்கியது. நிற்பதைத் தவிர வேறு வழி இல்லாத இடம்.

மேஸ்திரி முனுசாமிக்கு இப்போது கை நடுக்கம். என்னைப் பார்த்ததும், "கல்லா?" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"வேற எதுக்கு நீ என்னைத் தேடிக்கினு வரப்போற?"

"உடையாம எடுக்க முடியுமா?"

அவர் யோசித்தார். "எடுக்கலாம். ஆனா உன் பேரு கீதே, அதான் பயம். ஆழமா அடிக்கச் சொன்ன, அடிச்சிட்டேன். பலகைக்கல்லு, தடிமன் கம்மி. அந்த வரியில கல்லுக்கு உசுரே இல்லண்ணே."

வீட்டுக்குத் திரும்பியபோது தனம் சோறு போட்டாள். மடவை மீன் குழம்பு. நான் பிசைந்துகொண்டே இருந்தேன். ரேவதி எதிரே உட்கார்ந்திருந்தாள். அப்படியே சொல்லிவிட்டேன். கல் உடைந்தது, பழைய கல், திருப்பியது எல்லாவற்றையும். தட்டைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

தனம்தான் பேசினாள்.

"முடிஞ்சிதா? இன்னும் கீதா?"

"அவ்ளோதான்."

"கரண்டியைப் புடி. சோறு வேணும்னா போட்டுக்கோ. இது குப்பத்துக்கே தெரியும்யா."

"இன்னாது?"

"நீ கல்லைத் திருப்பின அன்னிக்குச் சாயங்காலமே பொம்பளைங்களுக்கெல்லாம் தெரியும். மேஸ்திரி பொண்டாட்டி வந்து அழுதுட்டுப் போச்சி. அம்மா மூஞ்சி உள்பக்கம் பாத்துக்கினு கீதுன்னு தெரிஞ்சப்புறம் நாங்க எங்க மஞ்சள் வைக்கிறது? உன் பேரு மேலயா?"

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ இன்னா பண்ணுவ? பூச்சை இன்னும் ரெண்டு இன்ச்சு ஏத்துவ."

ரேவதி சத்தமாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, திருப்பி வச்சப்புறம் இத்தனை வருசம் அது சாமியா இருந்திருக்கு. எழுத்து இல்லாமலே!" உடனே எழுந்து போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். பிரான்சில் யாரோ ஒரு பெண்ணிடம் படபடவென்று பேசினாள். என்ன என்று பிறகு கேட்டேன். கிணற்றில் கிடைத்த அந்தக் கல்லில் எழுத்து இருக்கிற பக்கத்தைத்தான் எல்லோரும் பார்த்தார்களாம். மற்றப் பக்கங்களில் கை பட்டுத் தேய்ந்த தடம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னாளாம்.

வியாழக்கிழமை

என் பெயரை நானே பெயர்த்தேன். வேறு யாரையும் தொட விடவில்லை. மேஸ்திரி நாற்காலியில் உட்கார்ந்து இங்கே தட்டு, அங்கே தட்டு என்று சொல்ல, உளியை நான் பிடித்தேன். வெயில் ஏறிவிட்டது. பெண்கள் பறிகளோடு சுற்றி நின்றார்கள்.

"மெதுவா அண்ணே, சாமி."

"மெதுவாத்தான்டி தட்டறேன்."

"அண்ணன் இவ்ளோ மெதுவா எதையும் செஞ்சி பாத்ததில்லை."

நாலு ஓரமும் விட்டுக்கொடுத்தது. கல்லுக்குக் கீழே கை கொடுக்க இந்த முறை நானே நாலு பேரைக் கூப்பிட்டேன். மெல்லச் சாய்த்தோம். படக்கென்று ஒரு சின்னச் சத்தம். வேர்க்கடலை உடைகிற சத்தம்தான் இருக்கும். எனக்கு அது நெஞ்சில் கேட்டது.

மேஸ்திரி சொன்ன அதே இடம். 'எத்திராஜ்' என்ற வரி நெடுக விரிசல் ஓடி, மேல்துண்டு தனியாகக் கையில் வந்தது. விரிசல் ஓரத்தில் கல் பொடியாக உதிர்ந்தது.

மணலில் சாக்கு விரித்து எழுத்துப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்தோம். ரேவதி மண்டியிட்டு உட்கார்ந்து மூங்கில் சிம்பால் சிமெண்டைச் சுரண்டினாள். உளி வைக்கக் கூடாது என்றாள். மணிக்கணக்காகச் சுரண்டினாள். நான் பனையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சுரண்டியதில் சில இடத்தில் எழுத்தும் சேர்ந்து வந்துவிட்டது. மிச்சம் இருந்தது தமிழ்தான். புள்ளி வைக்காத பழைய தமிழ். அவள் விரலை வைத்து மெதுவாகப் படித்தாள்.

முதல் வரியில் கடைசி மட்டும் இருந்தது. 'அம்மனுக்கு.' அதற்கு முன்னால் இருந்த பெயர் இல்லை. என் பெயரை ஆழமாக அடித்தேனே, அதற்கு நேர் பின்னால் அந்தப் பெயர் இருந்திருக்கிறது. விரிசல் அதைத் தின்றுவிட்டது.

அடுத்த வரி, 'முகத்துவாரத்திலே.'

அதற்கடுத்தது, 'கரை ஏறினபடியினாலே.'

கடைசி, 'வைத்த கல்லு.'

அவள் நிறுத்தினாள். நானும் நின்றேன். அந்த வாரத்தில் நான் நின்ற இரண்டாவது இடம் அது.

எனக்கு முன்னால் ஒருவன், எந்தக் காலத்திலோ, அதே முகத்துவாரத்தில் குறுக்கே விழுந்திருக்கிறான். அதே பனையை, இல்லை, அந்தப் பனையின் பாட்டன் பனையைப் பார்த்துக் கத்தியிருக்கிறான். கரை ஏறியிருக்கிறான். நான் ஒருவன்தான் என்று இத்தனை வருஷமாகக் கரை முழுக்கச் சொல்லித் திரிந்தேனே.

"யாரு வச்சான்னு போட்டிருக்கா பாரும்மா," என்றேன்.

ரேவதி மறுபடி முதலிலிருந்து கடைசிவரை தடவினாள். "இல்ல நைனா. பேரு வர்ற கடைசி வரி சிதைஞ்சி போகல. எழுதவே இல்லை. எங்க கல்லுங்கள்ல சாமி பேரு போனாலும் குடுத்தவன் பேரு எங்கயாவது நிக்கும். இந்த ஆளு தன் பேரைப் போட்டுக்கவே இல்லை."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சரசு வந்தாள். ஈரக் கையோடு குனிந்து கல்லின் எழுத்துப் பக்கத்தைத் தொட்டாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை, அழவில்லை. "வந்துட்டியாம்மா," என்று மட்டும் சொன்னாள், பொன்னேரி போய் வந்தவளைக் கேட்கிற மாதிரி.

ரேவதிக்கு இன்னும் மனது ஆறவில்லை. "அக்கா, உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது இந்த அம்மாவோட பேரைச் சொல்லிக் கேட்டிருக்கீங்களா? மேட்டம்மா இல்ல. சொந்தப் பேரு."

சரசு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னா பொண்ணு நீ? பெத்த அம்மாவை யாராவது பேர் சொல்லிக் கூப்புடுவாங்களா?"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ரேவதியும் சிரித்தாள். எனக்குத்தான் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

எந்தப் பக்கம்?

வெள்ளிக்கிழமை இன்ஜினியர் வந்தார். கல்லை நிறுத்தி வைத்திருந்தோம், உடைந்த துண்டை மேலே பொருத்தி. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அவரும் விரல் வைத்தே படித்தார். 'கரை ஏறினபடியினாலே' என்று வந்ததும் திரும்பி ஏரியைப் பார்த்தார். உள்ளே போய் மஞ்சள் கறையைப் பார்த்தார். படம் எடுத்தார்.

"பழசுக்கு இது போதும். பேருக்கு என்ன போடறது?" என்று தாளைக் காட்டினார்.

"மேட்டம்மான்னே போடுங்க சார்," என்றாள் ரேவதி.

"அது இடத்தோட பேரு ஆச்சேம்மா?"

"பிரான்ஸ்ல நீம்னு ஒரு ஊரு இருக்கு. அங்க ஒரு ஊத்து. அந்த ஊத்துக்கு ஒரு சாமி. ஊருக்கும் சாமிக்கும் பழைய காலத்துல ஒரே பேருதான். ரெண்டாயிரம் வருசமா யாரும் அதைச் சாமி இல்லைன்னு சொல்லலை."

அவர் எழுதிக்கொண்டார். மேலே அனுப்பிப் பதில் வர வேண்டும், ஆனாலும் பயப்பட வேண்டாம் என்றார். முளைக்குச்சியை அவர் ஆள் பிடுங்கி வடக்கே நாற்பது அடி நடந்து மறுபடி அடித்தான். பதில் அடுத்த மாதம் வந்தது. சிவப்புத் துணி வடக்கேயே நிற்கிறது.

ரேவதி அதற்குள் போய்விட்டாள். அவளுடைய கிணற்றுக் கல்லின் பின்பக்கம் தேய்ந்திருக்கிறதாம். சாமியைத் தொட்டுத் தேய்ந்ததா, தண்ணீர் சேந்தும் கயிறு உரசித் தேய்ந்ததா என்று இப்போது அவளுக்கும் பேராசிரியருக்கும் புதுச் சண்டை. நடக்கட்டும்.

இங்கே கல்லை மறுபடி சுவரில் வைக்க வேண்டிய நாள் வந்தது. முனுசாமி நடுங்கும் கையோடு கலவையைக் குழைத்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் அண்ணே வெளியே?"

பெண்கள் பறியோடு நின்றார்கள். தனமும் வந்திருந்தாள். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நான் கல்லைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். ஒரு பக்கம் பெயர் இல்லாத அம்மன், பெயர் போடாத மனிதன். மறுபக்கம் இரண்டாகப் பிளந்த நான்.

"திருப்பு," என்றேன்.

இப்போது என் பெயர் சுவருக்குள் இருக்கிறது. செங்குன்றத்து வாசகர் சந்தோஷப்படுவார். ஆனால் ஐயா, ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்துக்கு நான் சிமெண்டு பூச விடவில்லை. காகிதம் ஒட்டி, மணல் அடைக்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டாயிரம் வருஷம் கழித்து என் பெண்ணைப் போல எவளாவது ஒருத்தி வந்து கல்லைத் திருப்புவாள். எழுத்து அப்படியே இருக்க வேண்டும்.